ஆறில் ஒன்று பட்டினி கிடந்த கதை

இன்ஜினுக்குள் பெட்ரோல் பீய்ச்சுகிற இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்க்கலாம் என்று நான் முடிவு செய்வதற்கு நாலு மாதம் ஆனது. அதற்குள் ஸ்பார்க் பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டார் எல்லாம் புதிதாகப் போட்டாகிவிட்டது, வால்வு இடைவெளி சரிபார்த்தாகிவிட்டது, வாக்குவம் லீக் தேடி ஒவ்வொரு ஹோஸையும் தடவித் தடவிப் பார்த்தாகிவிட்டது. வண்டி மட்டும் நின்ற இடத்தில் குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி உதறிக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது பெரிதாகத் தெரியாது. ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போதுதான் மானம் போகும்.

வண்டி நிசானின் 1977 டாட்சன் 280இசட். இதற்கு முன்னால் வந்த 240இசட், 260இசட் இரண்டிலும் இரட்டைக் கார்புரேட்டர். 1975-ல் வட அமெரிக்கச் சந்தைக்காக நிசான் கொண்டுவந்த 280இசட்டில்தான் கார்புரேட்டரைத் தூக்கிவிட்டு, போஷ் நிறுவனத்தின் எல்-ஜெட்ரானிக் முறையை வைத்தார்கள். 'எல்' என்பது காற்றைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. உள்ளே போகிற காற்றை ஒரு கதவு போன்ற தகடு அளக்கும், அந்தத் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பார்த்து கம்ப்யூட்டர் எவ்வளவு நேரம் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று முடிவு செய்யும். அவ்வளவுதான் அதன் மூளை. இன்றைய வண்டியின் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டால் இது கூட்டல் கணக்கு மட்டும் தெரிந்த பையன்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆறு இன்ஜெக்டரும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூடும். இன்ஜினின் கிராங்க் தண்டு ஒரு சுற்று சுற்றினால் ஒரு தடவை. ஒரு சிலிண்டருக்கு வேண்டிய பெட்ரோலில் பாதி இந்தச் சுற்றில், மீதி அடுத்த சுற்றில். எந்த சிலிண்டருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை, ஏனென்றால் புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்துச் சொல்கிற ஆக்சிஜன் சென்சாரே இந்த வண்டியில் கிடையாது. ஆறும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்ற நம்பிக்கையில்தான் மொத்த ஏற்பாடும் நிற்கிறது.

ஆக்சிஜன் சென்சார் உள்ள பிற்கால வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். அங்கே வேறு விதமான கூத்து. ஒரு இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டால் சென்சார் பார்ப்பது எல்லா சிலிண்டரின் புகையும் கலந்த சராசரியைத்தான். பெட்ரோல் குறைகிறது என்று அது சொல்ல, கம்ப்யூட்டர் எல்லாருக்கும் சேர்த்துக் கூட்டிக் கொடுக்கும். நன்றாக இருந்த சிலிண்டர்கள் மூச்சு முட்டும், அடைத்துக்கொண்ட சிலிண்டர் கொஞ்சம் தேறினாலும் பாதிப் பட்டினியிலேயே இருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் வண்டியில் இதே காரியத்தை ஒரு மனிதர் கையால் செய்து வைத்திருந்தார், அது கடைசியில் வரும்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது சுலபம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டரையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும். பிளக் வயரைக் கழற்றுவதைவிட இது நல்லது, ஷாக் அடிக்காது, எரியாத பெட்ரோலும் சைலன்சருக்குப் போகாது. நல்ல சிலிண்டர் என்றால் கழற்றியதும் ஆர்பிஎம் இறங்கும். ஐந்தாவதைக் கழற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. மாட்டினேன், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அந்த சிலிண்டர் இருந்தும் இல்லாததும் இன்ஜினுக்கு ஒன்றுதான்.

நீளமான ஸ்க்ரூடிரைவரை இன்ஜெக்டர் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் டிக் டிக் என்று சத்தம் வந்தது. இங்கேதான் பல பேர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். சத்தம் வந்தால் காயிலுக்குக் கரண்ட் வருகிறது, உள்ளே ஊசி நகர்கிறது, அவ்வளவுதான் அர்த்தம். எவ்வளவு பெட்ரோல் வெளியே போகிறது என்று சத்தம் சொல்லாது. முதல் மாதத்திலேயே அந்த டிக் டிக்கைக் கேட்டுவிட்டு "இன்ஜெக்டர் ஓகே" என்று நோட்டில் எழுதி வைத்தவன் நான்.

கழற்றுவதற்கு முன் பெட்ரோல் லைனில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தேன். பெட்ரோல் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வாக்குவம் ஹோஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் 2.5 பார் இருக்க வேண்டும், இருந்தது. ஹோஸை மாட்டி ஐடிலிங்கில் பார்த்தால் இரண்டு சொச்சத்துக்கு இறங்க வேண்டும், இறங்கியது. இது கோளாறு இல்லை. காற்று உள்ளே போகிற குழாயான மானிஃபோல்டில் இருக்கிற வாக்குவத்துக்கு ஏற்ப பிரஷரும் இறங்கினால்தான் இன்ஜெக்டரின் இரண்டு பக்கத்துக்கும் இடையே வித்தியாசம் எப்போதும் 2.5 பாராகவே நிற்கும். சரி, பம்ப்பும் ரெகுலேட்டரும் நல்ல பிள்ளைகள். ஆனால் இன்ஜினை நிறுத்தியதும் முள் மடமடவென்று விழுந்து சில நிமிஷத்தில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. பம்ப்பிலிருந்து வரும் ஹோஸையும், திரும்பிப் போகும் ஹோஸையும் கிளாம்ப் போட்டு நெரித்துப் பார்த்தேன், அப்போதும் விழுந்தது. அப்படியென்றால் பெட்ரோல் பின்பக்கமாக டாங்குக்குப் போகவில்லை, இன்ஜினுக்குள்ளேதான் எங்கேயோ சொட்டுகிறது. காலையில் ரொம்ப நேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆவதற்கும் காரணம் இதுதான். ஆக ஒன்று அடைப்பு, இன்னொன்று ஒழுகல், இரண்டு வேறு வேறு நோய் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இனி கழற்றுவது. முதலில் லைனில் இருக்கும் பிரஷரை எடுக்க வேண்டும். இந்த வண்டியில் அதற்கு ஒரு அழகான வழி: குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆவதற்குக் கூடுதல் பெட்ரோல் பீய்ச்ச, கோல்டு ஸ்டார்ட் வால்வு என்று ஏழாவதாக ஒன்று இருக்கிறது, அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டு இரண்டு வயரால் பேட்டரியிலிருந்து சில விநாடி கரண்ட் கொடுத்தால் பெட்ரோல் மானிஃபோல்டுக்குள் போய்விடும், பிரஷர் இறங்கிவிடும். பேட்டரி முனையில் பொறி வரும், அதனால் வயரை முதலில் வால்வில் மாட்டி, கடைசித் தொடர்பைத் தள்ளி வைத்துக் கொடுங்கள். அப்புறம் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு இன்ஜெக்டரையும் இரண்டு ஸ்க்ரூ பிடித்திருக்கிறது. பார்ப்பதற்கு சாதாரண நட்சத்திரத் தலை மாதிரிதான் இருக்கும், ஆனால் ஜப்பானிய முறையில் வெட்டிய தலை; சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுசாக உட்காராது, திருகினால் மேலே ஏறி வழுக்கித் தலையை மழுக்கிவிடும். பன்னிரண்டு ஸ்க்ரூவில் முதல் இரண்டை அப்படித்தான் பாழாக்கினேன். சரியான பிட் வாங்கி, முந்தின ராத்திரியே ஊடுருவும் எண்ணெய் விட்டு, இம்பாக்ட் டிரைவரால் சுத்தியல் கொண்டு தட்டியபோது மீதிப் பத்தும் மரியாதையாக வந்தன.

பிற்கால இன்ஜெக்டர்கள் போல, ரெயில் எனப்படும் பெட்ரோல் குழாயில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தோடு செருகுகிற வகை இல்லை இது. இன்ஜெக்டரின் வாலில் ரப்பர் ஹோஸையே ஏற்றி, ஒரு தகரக் குப்பியால் மூடியிருப்பார்கள். அதை இழுத்தால் வராது, கத்தியால் அறுத்தால் வாலில் கீறல் விழும், கீறல் விழுந்தால் புது ஹோஸ் போட்டாலும் அந்தக் கீறல் வழியாகக் கசியும். நிசானின் சர்வீஸ் மேனுவலிலேயே சொல்லியிருக்கும் முறை விசித்திரமானது: 150 வாட் சால்டரிங் அயர்னை நன்றாகச் சூடாக்கி ஹோஸின் மேல் நீளவாக்கில், உள்ளே இருக்கும் நூல் பின்னல் வரைக்கும் மட்டும் கோடு போட வேண்டும், உலோகத்தைத் தொடக் கூடாது, அப்புறம் கையால் இழுத்தால் வந்துவிடும். பெட்ரோல் ஊறிய ரப்பரில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு! முதல் தடவை படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். இன்ஜெக்டரை வண்டியிலிருந்து தூரமாகக் கொண்டுபோய், வடித்து, ஒரு நாள் முழுக்கத் திறந்தவெளியில் காயவைத்து, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தேன். வேலை செய்கிறது. நாற்றம் மட்டும் இரண்டு நாள் மூக்கைவிட்டுப் போகவில்லை.

அந்தப் பழைய ஹோஸ்களை வளைத்துப் பார்த்தபோது ஆறில் மூன்றில் வெடிப்பு இருந்தது. இன்ஜெக்டர் சுத்தமோ அழுக்கோ, பழைய வண்டியில் இந்த ஹோஸை மாற்றாமல் ஓட்டுவது நேராக எக்ஸாஸ்டுக்கு மேலே பெட்ரோல் பையைத் தொங்கவிட்டு ஓட்டுவது போலத்தான். இந்த இன்ஜினில் இன்ஜெக்டரும் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டும் ஒரே பக்கம்.

கழற்றி எடுத்ததும் கை பரபரக்கும், உடனே சுத்தம் செய்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். முதலில் அளந்துவிடுங்கள். சுத்தம் செய்த பிறகு மட்டும் அளந்தால் எது கெட்டிருந்தது, எவ்வளவு கெட்டிருந்தது, வண்டியில் பார்த்த கோளாறுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எதுவுமே தெரியாது. நோயாளியைக் குளிப்பாட்டிவிட்டுக் காய்ச்சல் இருந்ததா என்று கேட்பது மாதிரி.

முதல் அளவு மல்டிமீட்டரில். இந்த இன்ஜெக்டர்கள் குறைந்த மின்தடை வகை, சுமார் 2.35 ஓம். இவ்வளவு சின்ன எண்ணை அளக்கும்போது மீட்டரின் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.2 அல்லது 0.3 என்று காட்டும், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். என் ஆறும் 2.3-க்கும் 2.5-க்கும் நடுவில் இருந்தன. காயில் எல்லாம் நலம்.

இந்த 2.35 ஓம் இன்னொரு ஆபத்தையும் சொல்கிறது. நேராக 12 வோல்ட் பேட்டரியைக் கொடுத்தால் ஐந்து ஆம்பியருக்கு மேல் ஓடும், அறுபது வாட்டுக்கு மேல் சூடு அந்தக் கட்டைவிரல் அளவு காயிலில். அரை நிமிஷத்தில் காயில் செத்துப்போகலாம். வண்டியிலேயே ஒவ்வொன்றுக்கும் 6 ஓம் ரெசிஸ்டர் தொடராகப் போட்டிருப்பது இதற்குத்தான்; அதோடு சேர்த்தால் ஒன்றரை ஆம்பியர்தான் ஓடும். பெஞ்சில் சோதிக்கும்போதும் அதே மாதிரி 6 ஓம் போட்டுக்கொள்ளுங்கள். 12 முதல் 16 ஓம் வரை உள்ள வகை என்றால் நேரடியாகக் கொடுக்கலாம். உங்களிடம் இருப்பது எது என்று அளந்து தெரிந்துகொண்ட பிறகு பேட்டரியைத் தொடுங்கள்.

வீடியோக்களில் 9 வோல்ட் பேட்டரியும் கார்புரேட்டர் கிளீனர் டப்பாவும் வைத்து ஒரு வித்தை காட்டுவார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. ரொம்ப நாள் நின்று ஊசி ஒட்டிக்கொண்ட இன்ஜெக்டரை விடுவிக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அது சோதனை ஆகாது. டப்பாவின் பிரஷர் எவ்வளவு என்று தெரியாது, பேட்டரி நிமிஷத்துக்கு நிமிஷம் இறங்கும், "நன்றாகத்தான் பீய்ச்சுகிறது" என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. என் ஐந்தாவது இன்ஜெக்டர் அந்த வித்தையில் தேறியிருக்கும், சத்தியமாகச் சொல்கிறேன்.

நான் செய்துகொண்ட ஏற்பாடு பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு உதிரி ஃபியூயல் பம்ப், ஃபில்டர், 2.5 பாரில் நிற்கிற ரெகுலேட்டர், கேஜ், மூடிய கண்ணாடிக் குடுவை, அளவு மாறாமல் 13.5 வோல்ட் தரும் பவர் சப்ளை, விநாடிக்கு இத்தனை தடவை இத்தனை மில்லிவிநாடி திற என்று சொல்வதற்கு ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர். பவர் சப்ளை மாறாமல் இருப்பது முக்கியம், வோல்டேஜ் குறைந்தால் ஊசி திறக்கத் தாமதமாகும், அப்புறம் கணக்கெல்லாம் வீண். திரவமாகப் பெட்ரோலைப் பயன்படுத்தவில்லை. மினரல் டர்பன்டைன்தான். இதற்கென்றே விற்கும் டெஸ்ட் திரவம் கிடைத்தால் இன்னும் நல்லது. டர்பன்டைனையும் பனியாக அடித்தால் சுலபமாகத் தீப்பிடிக்கும். தட்டில் ஊற்றி வைத்தால் சாதுவாக இருக்கிற திரவம் பனியாக மாறினால் வேறு பிராணி. வெளியில் வைத்துச் செய்யுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், குடுவையை மூடி வையுங்கள்.

இன்னொன்று. அளவுக் குடுவையின் கோட்டைப் பார்த்து மில்லி எண்ணுவதைவிடத் தராசில் நிறுத்துப் பார்ப்பது மேல். நுரை அடங்கும்வரை காத்திருக்க வேண்டாம், கண்ணைச் சுருக்கிக் கோடு பார்க்க வேண்டாம். இந்த வகை இன்ஜெக்டருக்கு நிமிஷத்துக்கு 188 மில்லி என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் திரவம் மாறினால் எண் மாறும். அந்த எண்ணைத் துரத்தாதீர்கள். ஆறும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதுதான் விஷயம்.

முழுசாகத் திறந்து வைத்து முப்பது விநாடி ஓடவிட்டதில் கிடைத்தது, ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக: 72, 70, 74, 71, 49, 69 கிராம். அந்த 49-ஐப் பார்த்ததும் நாலு மாதக் கோபமும் போய் ஒரு மாதிரி சந்தோஷமே வந்துவிட்டது. மூன்றாவது, கரண்ட் கொடுக்காமல் பிரஷரில் வைத்திருக்கும்போதே ஐந்தாறு விநாடிக்கு ஒரு சொட்டு விட்டது. நிமிஷத்துக்கு ஒரு சொட்டு வரை பொறுக்கலாம் என்பது பொதுவான கணக்கு, இவர் பத்து மடங்கு தாராளம்.

பீய்ச்சுகிற வடிவத்தையும் பார்க்க வேண்டும். இந்த ஊசி வகையில் நல்லது என்றால் உள்ளே வெற்றாக ஒரு கூம்பு மாதிரி பனி விரியும். என் ஐந்தாவதில் கூம்பே இல்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்த தாரை ஒன்று. தாரையாக விழும் பெட்ரோல் காற்றோடு கலக்காது, சிலிண்டருக்குப் போகிற வழியின் (போர்ட்) சுவரில் அடித்து வழிந்து உள்ளே போகும்.

இந்த அடைப்பு எங்கிருந்து வருகிறது? ஓடும்போது வருவதைவிட நிறுத்திய பிறகு வருவதுதான் அதிகம். இன்ஜினை நிறுத்தியதும் குளிர்விக்கிற எல்லாமும் நின்றுவிடும், சூடு மேலே ஏறும், இன்ஜெக்டர் நுனியில் ஒட்டியிருக்கிற துளிப் பெட்ரோலில் லேசான பாகம் ஆவியாகிப் போய்விடும், கனமான பாகம் பிசினாகக் காய்ந்து வார்னிஷ் மாதிரி பூசிக்கொள்ளும். சின்னச் சின்ன தூரம் ஓட்டி ஓட்டி நிறுத்துகிற வண்டியில்தான் இது சீக்கிரம் சேரும். 1980-களில் இன்ஜெக்டர் வண்டிகள் பெருகியபோது அமெரிக்காவில் இது பெரிய தலைவலியாகி, கடைசியில் 1995 ஜனவரி முதல் எல்லாப் பெட்ரோலிலும் படிவைத் தடுக்கும் டிடர்ஜென்ட் சேர்த்தே ஆக வேண்டும் என்று சட்டமே வந்தது. டாங்கில் ஊற்றும் கிளீனர்களில் பாலிஈதர்அமீன் சேர்ந்தவை இந்த நுனிப் பிசினை மெதுவாகக் கரைக்கும், அதில் பொய் இல்லை.

ஆனால் என் ஐந்தாவதின் நோய் நுனியில் மட்டும் இல்லை. பெட்ரோல் நுழைகிற பக்கத்தில், உள்ளே, ஒரு சின்னச் சல்லடை இருக்கிறது, கூடை மாதிரி. அதில் ஒரு சின்ன ஸ்க்ரூவை இரண்டு சுற்று ஏற்றி மெதுவாக இழுத்தால் வந்துவிடும், திரும்பப் போட முடியாது, புதிதுதான் போட வேண்டும். வெளியே வந்த கூடையில் செம்மண் நிறத்தில் துரு, அதோடு கறுப்பாக ரப்பர் துணுக்கு. எனக்கு முன்னால் வைத்திருந்தவரிடம் வண்டி வருஷக்கணக்கில் நின்றிருக்கிறது. டாங்கு துரு பிடித்திருக்கிறது, ஹோஸின் உள்சுவர் உதிர்ந்திருக்கிறது. ஃபில்டரைத் தாண்டி எப்படி வந்தது என்றால், உதிர்ந்தது ஃபில்டருக்கு அப்புறம் இருக்கிற ஹோஸ். எந்த பாட்டில் மருந்தும் ரப்பரைக் கரைத்து அனுப்பாது. கரைத்தால் அது இன்னும் மோசம்.

சுத்தம் செய்கிற வேலை, சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லாத அளவுக்குச் சலிப்பானது. கூடையை எடுத்துவிட்டு, பழைய ரப்பர்களைக் கழற்றி, 40 கிலோஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக் தொட்டியில் நுனி மட்டும் மூழ்குகிற மாதிரி நிறுத்தி, ஐம்பது டிகிரி சூட்டில் இருபது நிமிஷம். தொட்டியில் இருக்கும்போதே இன்ஜெக்டரைத் திறந்து மூடிக்கொண்டே இருக்க வேண்டும், மூடிக் கிடந்தால் ஊசிக்கும் அது உட்காருகிற இடத்துக்கும் நடுவில் இருக்கும் அழுக்கை யார் எடுப்பது? அப்புறம் தலைகீழாக, நுனிப் பக்கத்திலிருந்து திரவத்தைத் தள்ளிக் கழுவ வேண்டும். தண்ணீர் கலந்த கிளீனர் என்றால் உடனே டர்பன்டைனால் அலசிக் காயவையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே புதுத் துருவை நாமே நட்டு வைத்த மாதிரி ஆகிவிடும்.

மறுபடி அளந்தேன்: 73, 72, 74, 73, 71, 72. கூம்பு ஆறிலும் அழகாக விரிந்தது. முடிந்தது வேலை என்று எடுத்து வைக்கப் பார்த்தேன். நல்லவேளை, துடிப்புச் சோதனையையும் செய்துவிடலாம் என்று தோன்றியது.

ஐடிலிங்கில் இன்ஜெக்டர் திறந்திருப்பது ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மில்லிவிநாடிதான். அதில் ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடி காயில் காந்தமாகி ஊசியைத் தூக்குவதற்கே போய்விடுகிறது. முழுசாகத் திறந்து வைத்து அளக்கும்போது இந்தத் தாமதம் ஒரே ஒரு தடவைதான், கணக்கிலேயே வராது. ஐடிலிங்கில் ஒவ்வொரு துடிப்பிலும் வருகிறது. ஆக, முப்பது விநாடிச் சோதனையில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி தெரிகிற இரண்டு இன்ஜெக்டர்கள் ஐடிலிங்கில் அண்ணன் தம்பி மாதிரிகூட இல்லாமல் போகலாம். என் வண்டியின் நோயே ஐடிலிங்கில்தான்.

2.5 மில்லிவிநாடி, 5000 துடிப்பு, விநாடிக்கு 30. கிடைத்தது: 18.2, 17.9, 18.6, 18.0, 16.1, 17.8 கிராம். அதே ஐந்தாவது! முழுசாகத் திறந்தால் மற்றவர்களுக்குச் சமம், துடிப்பில் பத்து சதவீதம் குறைவு. ஊசி இன்னும் எங்கேயோ லேசாக ஒட்டி ஒட்டித் திறக்கிறது. திரும்பத் தொட்டியில் இரண்டு சுற்று போட்டேன். 17.6 ஆனது. அதோடு விட்டேன்.

மூன்றாவது எவ்வளவு கழுவியும் நாற்பது விநாடிக்கு ஒரு சொட்டு என்பதற்குக் கீழே இறங்கவில்லை. ஊசி உட்காருகிற இடமே தேய்ந்திருக்க வேண்டும், அழுக்கு என்றால் கழுவலாம், தேய்மானத்தை என்ன செய்வது. பழையதாக ஒன்று கிடைத்தது, அதையும் அளந்து, கழுவி, திரும்ப அளந்து, மற்ற ஐந்தோடு ஒத்துப்போகிறது என்று தெரிந்த பிறகே சேர்த்தேன். புதிதாக ஒன்றே ஒன்று வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தாலும் அது மற்ற ஐந்தோடு ஒத்துப்போயிருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

பூட்டும்போது புதுக் கூடை, புது ரப்பர்கள், ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்கென்று உள்ள ஆர்9 தர ஹோஸ். கார்புரேட்டர் வண்டிக்கு விற்கும் ஆர்7 ஹோஸ் பார்ப்பதற்கு அப்படியே இருக்கும், அதை இங்கே போடாதீர்கள், குறைந்த பிரஷருக்குச் செய்தது. இந்த இணைப்புக்கு கிளாம்ப் தேவையில்லை என்று மேனுவல் சொல்கிறது. நான் போட்டேன். விளிம்பு சுருட்டிய வகைக் கிளாம்ப், ஹோஸை வெட்டாது. மேனுவல் எழுதியவர் என் கராஜில் தூங்கப் போவதில்லை.

ஸ்டார்ட் பண்ணியதும் ஆறும் ஓடின. உதறல் போய்விட்டது. ஆனால் சைலன்சரிலிருந்து கண்ணெரிகிற மாதிரி பெட்ரோல் நாற்றம், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றினால் ஆறும் கரி பிடித்துக் கன்னங்கரேல் என்று இருந்தன. சுத்தம் பண்ணி வண்டியைக் கெடுத்துவிட்டேனா என்று ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

அப்புறம்தான் பழைய பிளக்குகளை எடுத்துப் பார்த்தேன், நல்லவேளை சிலிண்டர் எண் எழுதி வைத்திருந்தேன். ஐந்தாவது வெள்ளை. மற்ற ஐந்தும் கறுப்பு. அதாவது என் வண்டி சுத்தம் செய்வதற்கு முன்னாலேயே பெட்ரோலை அளவுக்கு மேல் குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, ஐந்தாவதைத் தவிர.

காற்றை அளக்கிற அந்தத் தகடு இருக்கும் ஏர் ஃப்ளோ மீட்டரின் கறுப்பு மூடியைப் பார்த்தேன். தொழிற்சாலையில் சிலிகான் வைத்து ஒட்டியிருப்பார்கள், அது கத்தியால் அறுக்கப்பட்டு வேறு நிறப் பசையால் திரும்ப ஒட்டப்பட்டிருந்தது. இத்தனை நாள் அது கண்ணில் பட்டும் மனதில் படவில்லை. உள்ளே தகட்டின் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் பல்சக்கரம், முன்பு கிளிப் உட்கார்ந்திருந்த பளபளப்பான தடத்திலிருந்து ஆறு பல் தள்ளி நின்றது. ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் அதே காற்றுக்குத் தகடு அதிகமாகத் திறக்கும், கம்ப்யூட்டர் அதிகப் பெட்ரோல் கொடுக்கும். யாரோ ஒருவர், ஒரு சிலிண்டர் பட்டினி என்று தெரியாமல், மொத்த வண்டிக்கும் கூட்டிக் கொடுத்திருக்கிறார். அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. எரியாத சிலிண்டரிலிருந்து காற்று அப்படியே வெளியே வருவதால், சைலன்சரில் மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால்கூட பெட்ரோல் குறைவு என்றுதான் காட்டியிருக்கும். மீட்டரை நம்பி ஸ்பிரிங்கைத் தளர்த்தியிருப்பார், உதறல் கொஞ்சம் குறைந்திருக்கும், மூடியை ஒட்டிவிட்டார்.

பல்சக்கரத்தைப் பழைய தடத்துக்குத் திருப்பினேன். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று அளக்க நான் வைத்துப் பார்த்த வைட்பேண்ட் சென்சார் ஐடிலிங்கில் பதினொன்றரையில் இருந்தது, பதினாலுக்குப் பக்கத்தில் வந்தது. நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பார்த்தால் ஆறு பிளக்கும் வெளிர்பழுப்பு.

ஒரு வாரம் கழித்து சூடான இன்ஜினில் திடீரென்று ஒரு சிலிண்டர் விட்டு விட்டுப் போனது. வயிறு கலங்கியது. இரண்டாவதின் கனெக்டர், பிளாஸ்டிக் நாற்பது வருஷச் சூட்டில் பொரிந்து போய், உள்ளே முனைகள் பச்சை பூத்திருந்தன, நான் கழற்றி மாட்டியதில் கிளிப்பும் உடைந்திருந்தது. ஆறு கனெக்டரையும் மாற்றிவிட்டேன். இன்ஜெக்டர் வெறும் காயில்தான், எந்த வயர் எந்தப் பக்கம் என்று குழம்ப வேண்டாம், மாறினாலும் ஓடும்.

நேற்று ராத்திரி நிறுத்தும்போது கேஜில் 2.3 இருந்தது. இன்று காலையில் 1.4. அரைச் சுற்று செல்ஃபில் பிடித்துக்கொண்டது. நல்ல வெயிலில் ஓட்டி நிறுத்திவிட்டு இருபது நிமிஷத்தில் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் மட்டும் இன்னும் கொஞ்சம் திணறுகிறது, லைனில் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. பிற்கால 280இசட்எக்ஸில் நிறுத்திய பிறகும் இன்ஜெக்டர்கள் மேல் காற்றடிக்க ஒரு ஃபேனே வைத்தார்கள், அந்த ஃபேனின் காற்றுக் குழாய் ஒன்று கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.